எண்பது பவுண்டு நரம்பு

நூறு டாலருக்குள் பாஸ் மீனுக்கு நல்ல தூண்டில் செட் அமையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மேடம். அமையும். கேட்கிற இடத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அணைக்குப் போகிற சாலையில், பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறதே, பொடிமீன் தொட்டியும் புழு டப்பாவும் வாசலிலேயே தெரிகிற கடை, அது என்னுடையது. டாய்ல் கிம்ப்ரோ சொன்னால் சரியாக இருக்கும் என்று இந்த மாவட்டத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்வார்கள் என்றுதான் இதுநாள் வரை நினைத்திருந்தேன்.

தண்ணீர் வேண்டாம், நன்றி. நான் முதலிலிருந்தே சொல்கிறேன். இடையில் நிறுத்தாதீர்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். காசு முழுவதையும் கம்பிலே கொட்டிவிட்டு, ரீலுக்கு மிச்சத்தைப் போட்டு, தூண்டில் நரம்பைக் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். கம்பு ஏழடிக்குக் கொஞ்சம் குறைவாக, நடுத்தர விறைப்பில் ஒன்று போதும். ரீல், கீழே தொங்குகிற சாதாரண ரீல். மேலே உட்கார்ந்து சுழல்கிற அந்தப் பந்தா ரீலைப் புதியவன் கையில் கொடுத்தால் முதல் வீச்சிலேயே நரம்பு குருவிக்கூடாகிவிடும். அன்றைய பொழுது சிக்கெடுப்பதிலேயே போய்விடும். ரீலுக்குள்ளே சுழல்வதற்கு எத்தனை பேரிங் குண்டு வைத்திருக்கிறான் என்று பெட்டியின்மேல் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவே கூடாது. கடைசியாக நரம்பு. மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான். அதை யோசித்து வாங்க வேண்டும்.

நரம்பில் இரண்டு ஜாதி. ஒன்று வழவழவென்ற நைலான். மலிவு. இழுத்தால் நீளும், ரொம்ப இழுத்தால் அறுந்துவிடும். இன்னொன்று பின்னல் நரம்பு. மெல்லிசாக இருக்கும், நீளவே நீளாது, லேசில் அறாது. பின்னல் நரம்பு வாங்குகிறவர்களுக்கு நான் விளக்குமாற்றுக் கழியில் ஒரு சாண் துண்டு நறுக்கி, இலவசமாகக் கொடுப்பேன். தூண்டில் முள் பாறையில் மாட்டிக்கொண்டால் நரம்பை அந்தக் கட்டையில் சுற்றி இழுக்க வேண்டும். கையில் சுற்றக் கூடாது. நைலானில் பழகியவர்களுக்குக் கையில் சுற்றித்தான் பழக்கம். அது டப்பென்று அறுந்துவிடும், ஒன்றும் ஆகாது. பின்னல் நரம்பு சதைக்குள் இறங்கிவிடும். என் கடையில் அந்தக் கட்டை வாங்காமல் போனவர் ஒருவர்தான்.

ரேஃபர்ட் ஸ்லேட்டனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக். நாற்பதைத் தாண்டியவர், வாய் ஓயாத மனுஷன், எல்லோருக்கும் பிடித்தவர். எனக்கும் பிடித்திருக்க வேண்டும் என்று முயற்சி செய்திருக்கிறேன். சனிக்கிழமை காலை கடை திறந்ததும் வந்துவிடுவார். ஒவ்வொரு கம்பாக எடுத்து, நுனியைக் கூரையில் முட்டி வளைத்துப் பார்ப்பார். இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம், இந்த ரீல் துருப்பிடிக்குமா, எட்டு பவுண்டு இழுவை தாங்குகிற நரம்பு போதுமா, பத்து வேண்டுமா. ஒரு மணி நேரம் கேட்பார். நான் சொல்வேன். எனக்குச் சொல்லத் தெரியும், அவருக்குக் கேட்கத் தெரியும். பிறகு விலைச்சீட்டைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு, ஒரு டப்பா புழு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அடுத்த சனிக்கிழமை அதே கம்பு அவர் வண்டியில் இருக்கும். நெடுஞ்சாலைப் பெரிய கடையில் வாங்கியது. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அங்கே வாங்கிய ரீலை, அங்கே வாங்கிய நரம்போடு, அந்தக் கடைப் பையிலேயே போட்டு எடுத்துவந்து என் மேசைமேல் வைப்பார்.

"டாய்ல் அண்ணே, உங்க மிஷின்ல கொஞ்சம் சுத்திக் குடுங்க. உங்க கை பட்டாத்தான் மீனு மாட்டுது."

நான் சுற்றிக் கொடுப்பேன். கூலி வாங்கியதில்லை. என் கடைக்கு அது வழக்கம், வழக்கத்தை ஆள் பார்த்து மாற்றுகிறவன் நானில்லை. பொடிமீன் தொட்டி பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற ஹோய்ட் பாட்டன், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான் சிரிப்பார். "யோவ் டாய்ல், நீ கடை வச்சிருக்கியா, தண்ணிப்பந்தல் வச்சிருக்கியாய்யா?"

இதெல்லாம் சின்ன விஷயம் என்று உங்கள் முகம் சொல்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ரேஃபர்ட் அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில், தன் பிக்கப்பின் பின்பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு, குறைந்த செலவில் பாஸ் தூண்டில் வாங்குவது எப்படி என்று பாடம் நடத்த ஆரம்பித்தார். முதல் இரண்டு வாரம் ஐந்தாறு பேர் நின்றார்கள். பிறகு பாதிச் சபை நின்றது. கம்பைவிட ரீல், ரீலைவிட நரம்பு, குண்டு எண்ணி ஏமாறாதே. என் வார்த்தைகள் அப்படியே. நான் மேசையைத் தட்டுகிற இடத்தில் அவரும் பலகையைத் தட்டினார். கடைசியில், எந்தப் பெரிய கடையில் என்ன விலை என்று மட்டும் தன் சொந்தச் சரக்காகச் சேர்த்துக்கொள்வார்.

சபையின் மீன் விருந்தில், வறுத்த மீனும் சோள உருண்டையும் தட்டில் வைத்துக்கொண்டு எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, யாரோ கேட்டார்கள், இவ்வளவும் யாரிடம் கற்றாய் என்று. ரேஃபர்ட் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "எல்லாம் நம்ம டாய்ல் அண்ணன்தான். அண்ணன் வாய் ஓசி, கடைதான் காசு."

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. போதகர் சிரித்தார். ஹோய்ட் சிரித்தார். என் மனைவி லூரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அந்த இடத்திலேயே அவர் மேல் வெறுப்பு வந்துவிட்டது, மேடம். மறைக்க ஒன்றுமில்லை. அதன் பிறகு அது போகவும் இல்லை. அந்த வசந்த காலத்தில் என் கடையில் விற்ற கம்புகளை ஒரு கையில் பிடித்துவிடலாம். மீன் காலம் முடிந்ததும் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று லூரீன் சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொன்னாள், பழைய செருப்பைத் தூக்கிப் போடலாம் என்பது போல.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ரேஃபர்ட் வழக்கத்துக்கு மாறாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கம்பு எதையும் தொடவில்லை.

"அண்ணே, கடையை மூடப்போறீங்கன்னு வாண்டா கேள்விப்பட்டு வந்து சொன்னா. என்னை உக்காரவச்சுக் கிழிகிழின்னு கிழிச்சுட்டா. உங்ககிட்ட கேட்டுட்டு வெளில வாங்கினது தப்புதாண்ணே. இனிமே எல்லாம் இங்கதான். நம்ம சபை ஆளுங்களையும் நான் இங்க அனுப்புறேன்."

வாண்டா அவர் மனைவி. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். அணைக்குக் கீழே பாறைத் திட்டில் இறங்கி நின்று பாஸ் பிடிக்க ஒரு முழு செட். தொண்ணூறு டாலர், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. "நீங்களே பாத்துக் குடுங்கண்ணே, நான் வாயே திறக்கல."

அவர் உண்மையாகத்தான் சொன்னார். எனக்கு அதில் சந்தேகமில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு மனிதன் என்னை ஊர் நடுவே கேலிப்பொருளாக்கிவிட்டு, பிறகு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து தர்மம் போடுகிறான். அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். எனக்கு எதில் கோபம் அதிகம் என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நான் பார்த்துக் கொடுத்தேன். நல்ல கம்பு, நல்ல ரீல். இரண்டிலும் ஒரு குறை சொல்ல முடியாது. நரம்புக்கு வந்தபோது, அவர் எப்போதும் வாங்குகிற எட்டு பவுண்டு நைலானை எடுக்காமல், அலமாரியின் அடியிலிருந்து எண்பது பவுண்டு பின்னல் நரம்பை எடுத்தேன். பாதி விலைக்குப் போட்டுக் கொடுத்தேன். ஹோய்ட் தொட்டிப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, காளைமாட்டைக் கட்டி இழுக்கிற கயிறா குடுக்கற? பாறைத் திட்டுக்கா?"

"கிடந்த சரக்கு ஹோய்ட். அவர் பட்ஜெட்டுக்கு இதுதான் வருது."

பாறை இருக்கும் இடத்தில் மெல்லிசான முள்தான் போட வேண்டும். மாட்டினால் வளைந்து நிமிர்ந்து கழன்றுவிடும். காசும் மிச்சம், தொல்லையும் இல்லை. நான் தடித்த முள்ளைக் கொடுத்தேன். நைலானில் போடுகிற முடிச்சு பின்னல் நரம்பில் வழுக்கும், அதனால் நானே இரட்டையாக மடித்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். பின்னல் நரம்பை வெறும் ரீலில் சுற்றினால் நிற்காமல் சுழலும், எனவே அடியில் கொஞ்சம் நைலான் சுற்றி, மேலே இதைச் சுற்றினேன். எங்கெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டுமோ அங்கெல்லாம் விட்டுக்கொடுக்காதபடி செய்தேன். அவ்வளவு கவனமாக யாருக்கும் நான் செட் போட்டுக் கொடுத்ததில்லை. அவருக்கே அது தெரிந்தது. "ராஜா மாதிரி பண்றீங்களேண்ணே" என்றார்.

"கட்டை குடுக்கலையா?" என்றார் ஹோய்ட்.

"தீர்ந்துபோச்சு. மத்தியானம் நறுக்கணும்."

முடிச்சின் வாலை நறுக்க ரேஃபர்ட் தன் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தார். மடக்குக் கத்தி, எலும்புப் பிடி. இந்த ஊரில் கத்தி இல்லாமல் வீட்டை விட்டு இறங்குகிற ஆண் கிடையாது, உங்களுக்கே தெரியும். நான் நறுக்கிவிட்டு, விரலால் தடவிப் பார்த்து, கூர் மழுங்கியிருக்கிறது, வைத்துவிட்டுப் போ, சாணை பிடித்து வைக்கிறேன், திங்கட்கிழமை வாங்கிக்கொள் என்றேன். கூலி வேண்டாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எங்கே நிற்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்றும் சொன்னேன். அந்தப் பாறைத் திட்டின் கீழ்முனை. நீரோட்டத்துக்கு எதிராக, மேல்பக்கம் பார்த்து வீச வேண்டும். மத்தியானத்துக்கு மேல், ஊரில் எல்லா வீட்டிலும் ஏசி ஓட ஆரம்பித்து, அணையில் மின்சாரத்துக்குத் தண்ணீர் திறக்கும் நேரம். தண்ணீர் ஏற ஆரம்பிக்கும்போதுதான் பாஸ் வெறி பிடித்த மாதிரி கடிக்கும். இது பொய்யில்லை. எவரை வேண்டுமானாலும் கேளுங்கள். தண்ணீர் திறக்கும்போது அணையில் எச்சரிக்கைச் சங்கு ஊதுவார்கள், அது ஊதியதும் கரையேறிவிட வேண்டும் என்பது ரேஃபர்டுக்கும் தெரியும். கரையேற நேரமும் இருக்கும், ஒருவன் எதிலும் கட்டப்படாமல் இருந்தால்.

நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, மேடம். கட்டை தீர்ந்துவிட்டது என்று சொன்னது ஹோய்ட்டிடம்.

மத்தியானம் ஹோய்ட்டைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, தக்காளி சாண்ட்விச் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். நான் அங்கே இருந்தது உங்கள் யாருக்கும் தெரியாது. இந்தக் கரையில் சைக்கமோர் மரம் ஒன்று சாய்ந்திருக்கிறதே, அதன்மேல் உட்கார்ந்தேன். வெயில் நல்ல வெயில். ரேஃபர்ட் பழைய ஜீன்ஸோடு தொடை அளவுத் தண்ணீரில் நின்றிருந்தார், என்னிடமிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் கம்பைத் தூக்கிக் காட்டினார். இரண்டு மீன் பிடித்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டார். இரண்டாவது பெரியது. விடுமுன் அதை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். சந்தோஷமாக இருந்தார், அதை வாண்டாவிடம் நீங்கள் சொல்லலாம்.

அடுத்த வீச்சில் முள் பாறை இடுக்கில் மாட்டியது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரமே நடந்தது. அவர் இரண்டு தடவை கம்பை உலுக்கினார். பிறகு, வாழ்நாள் முழுக்கச் செய்தபடி, கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நரம்பைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றி, பின்னால் சாய்ந்து இழுத்தார். எட்டு பவுண்டு நைலானாக இருந்தால் அந்த நேரம் அறுந்திருக்கும். திட்டிக்கொண்டே இன்னொரு முள் கட்டியிருப்பார். நரம்பு மணிக்கட்டில் இறங்கியது. அவர் முகத்தில் முதலில் வலி தெரியவில்லை, வியப்புதான் தெரிந்தது.

சங்கு ஊதியது.

நரம்பைத் தளர்த்த வேண்டுமானால் பாறையை நோக்கி மேலே நடக்க வேண்டும். தண்ணீர் கீழே தள்ளுகிறது. ஓரடி வைத்தால் ஓரடி வழுக்கியது. மற்றக் கையால் சுற்றைப் பிரிக்கப் பார்த்தார். அது சதைக்குள் போயிருந்தது. பல்லால் கடித்தார். பின்னல் நரம்பு பல்லுக்கு மசியாது. பிறகு சட்டைப் பையைத் தடவினார். கத்தி இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது போல.

"டாய்ல் அண்ணே, கத்தி இருக்கா? சீக்கிரம்ணே."

இருந்தது. அவருடைய கத்திதான், என் பையில். காலையிலேயே சாணை பிடித்துவிட்டேன். சொன்ன வேலையைத் தள்ளிப்போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. நான் நின்ற கரையிலிருந்து அவர்வரைக்கும் அப்போது தொடை அளவுத் தண்ணீர்தான். நான் நடந்து போயிருக்கலாம்.

"கொஞ்சம் பொறு ரேஃபர்ட்" என்றேன். "இழுக்காதே. இழுக்க இழுக்க இறுகும்."

அது சரியான ஆலோசனை. அவர் கேட்கவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. கால் தரையை விட்டதும் உடம்பு கீழ்ப்பக்கம் மிதந்தது, கை மட்டும் மேல்பக்கம் நீண்டு நின்றது. அண்ணே அண்ணே என்று கூப்பிட்டார். வாண்டா பெயரைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எதுவும் சொல்லவில்லை. நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கரையில் குப்பை போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

உங்கள் ஆட்கள் மறுநாள் தண்ணீர் வடிந்ததும் கண்டுபிடித்தார்கள். விபத்து என்று முடித்துவிட்டீர்கள். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் ஏன் நானாகவே வந்தேன் என்றுதானே யோசிக்கிறீர்கள்.

வாண்டாவுக்காக வந்தேன். போன வாரம் கடைக்கு வந்தாள். நீங்கள் திருப்பிக் கொடுத்த கம்பையும் ரீலையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ஹோய்ட் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

"நான்தாண்ணே அவரைக் கொன்னேன்" என்றாள். "இன்னும் அம்பது டாலர் சேத்துக் குடுத்திருந்தா நல்ல சாமானா வாங்கியிருப்பாரு. மட்டமான சாமான், அதான் சிக்கிக்கிச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. சிக்கனம் பாத்து என் புருஷனை ஆத்துல விட்டுட்டேன்."

ஹோய்ட் என்னைப் பார்த்தார். "ஊர்ல அப்படித்தான்யா பேசிக்கிறாங்க. டாய்ல் குடுத்த மலிவுச் சரக்குன்னு" என்றார். உங்கள் அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறதாம். தரம் குறைந்த உபகரணம்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு பெண் செய்யாத தவறுக்காகத் தன்னையே தின்றுகொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் இரக்கமில்லாதவன் இல்லை. அவள் கொடுத்த பணம் போதுமானது. அந்தத் தொண்ணூறு டாலரில் அதைவிட நல்ல செட்டை இந்த மாநிலத்தில் எவனாலும் போட்டுக் கொடுக்க முடியாது. முள் வளையவில்லை. முடிச்சு வழுக்கவில்லை. நூற்றெண்பது பவுண்டு மனிதனை, திறந்துவிட்ட அணைத் தண்ணீரில், அது ராத்திரி முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தது.

கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த 'தரம் குறைந்த' என்பதை மட்டும் முதலில் அடித்துவிடுங்கள்.